பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குச் சீருடை: ஜனவரி முதல் ஜூன் வரை என்னென்ன செய்ய வேண்டும்

இல்லத்தில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கோ, பாட்டி வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கோ சீருடை எடுத்துக் கொடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். தமிழ்நாட்டு நடைமுறையை மட்டும் வைத்தே எழுதியிருக்கிறோம். பணம் திரட்டுவது இதில் சுலபமான பகுதி. சரியான நிறத்தில், சரியான அளவில், பள்ளி திறக்கும் அன்றைக்கே உடை பிள்ளை கையில் இருக்கச் செய்வதுதான் பாடு. ஜூலையில் வந்து சேரும் சீருடைக்கும், நிறம் சற்றே மாறிய சீருடைக்கும் ஒரே விளைவுதான்: அந்தப் பிள்ளை வகுப்பில் தனியாகத் தெரியும். அதைத் தவிர்க்கத்தானே இவ்வளவும்!

1. யாருக்கு ஏற்கெனவே கிடைக்கிறது என்று முதலில் பாருங்கள்

அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை, சத்துணவுத் திட்டத்தில் பதிவாகியிருக்கும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடை அரசே தருகிறது. இது தெரியாமல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்னும் இரண்டு இணை தைத்துக் கொடுப்பவர்கள் நிறைய. அந்தப் பணம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் போயிருக்க வேண்டும்.

உண்மையில் விடுபடுகிறவர்கள் இவர்கள்:

- 9 முதல் 12ஆம் வகுப்பு வரை படிப்பவர்கள். தேவை மிக அதிகம் இங்கேதான். துணியும் கூலியும் கூட இந்த வயதில்தான் கூடுதல்.
- சத்துணவுப் பட்டியலில் பெயர் இல்லாத பிள்ளைகள். மதியச் சாப்பாடு இல்லத்திலிருந்து டப்பாவில் வருவதால் பெயரைச் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். துணி வாங்குவதற்கு முன் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பெயரைச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் அங்கே உங்கள் செலவே மிச்சம்.
- ஆண்டின் நடுவில் ஊர் மாறி வந்து சேர்ந்தவர்கள். அப்பா அம்மா இறந்த பிறகு சித்தி வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறார்கள். அளவு கொடுக்கும் நேரத்தில் வேறு பள்ளியில் இருந்திருப்பார்கள்.
- கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் சேர்ந்தவர்கள். கட்டணம் போனாலும் சீருடைச் செலவு பாதுகாவலர் தலையில் விழுவது வழக்கம்.

இன்னொன்றும் உண்டு. உள்ளாடை, சிம்மீஸ், பனியன், பெல்ட், சாக்ஸ், ரிப்பன் ஆகியவற்றை யாரும் நினைப்பதே இல்லை. எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு ஏதாவது செய்ய ஆசைப்பட்டால் இவற்றைச் செய்யுங்கள்.

2. பிள்ளைகளை நேராகத் தேடிப் போகாதீர்கள்

இல்லம் என்றால், அது இளஞ்சிறார் நீதிச் சட்டம் 2015இன் 41ஆம் பிரிவின்படி பதிவான இல்லமா என்று சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். தயங்காமல் கேட்கலாம், ஒழுங்காக நடத்துபவர்கள் சுவரிலேயே மாட்டி வைத்திருப்பார்கள். சந்தேகம் வந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றியே இருக்கும்.

உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகள் என்றால் பள்ளி வழியாகப் போவதே நல்லது. யாருக்குத் தேவை என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும். தலைமையாசிரியருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் கொடுங்கள்: எத்தனை பேருக்கு, என்ன தருகிறோம், எந்த மாதம் தருகிறோம், பதிலுக்கு எதையும் கேட்கவில்லை. கடைசி வாக்கியம் முக்கியம். விழா, மேடை, பேனர் எதுவும் வேண்டாம் என்று எழுத்திலேயே சொல்லிவிட்டால் தலைமையாசிரியருக்கும் பாதி தயக்கம் போய்விடும். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.

பாதுகாவலரைச் சந்திக்க நேர்ந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: மாதாந்திர உதவித்தொகை வருகிறதா? மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. தமிழக அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். விண்ணப்பிக்காமலே இருப்பவர்கள் ஏராளம். ஆண்டுக்கு ஒருமுறை நீங்கள் தரும் இரண்டு சட்டையைவிட அந்தப் பணம் பெரிது. வழி தெரியாதவர்களை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அனுப்புங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் கேட்கலாம்.

3. பட்டியல் எப்படி இருக்க வேண்டும்

பிள்ளையின் பெயர் உங்கள் கைக்கு வரவே வேண்டாம். எண் போதும். 9ஏ-01, 9ஏ-02 என்று இருக்கட்டும். எந்த எண் யார் என்பது ஆசிரியரிடமோ இல்லக் கண்காணிப்பாளரிடமோ மட்டும் இருக்கட்டும். டெய்லருக்கும் எண்தான் போகும்.

பட்டியலில் தேவையான கட்டங்கள்: எண், ஆணா பெண்ணா, ஜூனில் போகப்போகும் வகுப்பு, பள்ளி, அளவுகள், குறிப்பு.

'ஜூனில் போகப்போகும் வகுப்பு' என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். அரசுப் பள்ளிகளில் வகுப்புப் பிரிவுக்கு ஏற்பச் சீருடை நிறம் மாறும். இப்போது எட்டில் இருக்கும் பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு நிறத்தில் தைத்தால் மொத்தமும் வீண். 5, 8, 10 ஆகிய மூன்று வகுப்புகளில் இருப்பவர்களைத் தனியாகப் பிரித்து வையுங்கள். பத்தாம் வகுப்பு முடிப்பவர்கள் பதினொன்றுக்கு எந்தப் பள்ளிக்குப் போவார்கள் என்பது தேர்வு முடிவுக்குப் பிறகுதான் உறுதியாகும். அவர்களுக்கான பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, துணியைச் சேர்க்கை முடிந்த பிறகு வாங்குங்கள்.

4. நிறம்: தவறு அதிகம் நடக்கும் இடம்

'நீலப் பேன்ட், வெள்ளைச் சட்டை' என்று கேட்டு வாங்கப் போகாதீர்கள். நீலத்திலேயே கடையில் பத்து ஷேடு இருக்கும். போன் படத்தைக் காட்டியும் வாங்கக்கூடாது. திரைக்குத் திரை நிறம் மாறும்.

பள்ளியிலிருந்து ஒரு மாதிரித் துண்டு வாங்குங்கள். பழைய சீருடையிலிருந்து எடுப்பதானால் வெளிப்பக்கத்தில் வெட்டக்கூடாது. அது வெயிலிலும் சோப்பிலும் வெளுத்திருக்கும். பேன்ட்டின் அடி மடிப்பைப் பிரித்தால் உள்ளே அசல் நிறம் இருக்கும், அங்கே இரண்டு இன்ச் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டம் போட்ட துணி என்றால் கட்டத்தின் அளவும் பொருந்த வேண்டும், அதனால் ஒரு முழுக் கட்டம் தெரியும் அளவுக்கு வெட்டுங்கள். கடையில் அந்தத் துண்டைத் துணிமேல் வைத்து, வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சாம்பல் நிறங்கள் வெளியே வந்ததும் வேறுவேறாக நிற்கும்.

முழுத் தேவையையும் ஒரே லாட்டில், அதாவது ஒரே முறையில் சாயம் போட்ட துணியாக, வாங்குங்கள். சாயம் போடும் ஒவ்வொரு முறையும் ஷேடு சற்று மாறும். முதலில் இருபது மீட்டர், பிறகு பதினைந்து மீட்டர் என்று வாங்கினால் ஒரே பள்ளிக்குள் இரண்டு நிறம் வந்துவிடும். இரண்டு தான் (துணிச் சுருள்) எடுத்தால் இரண்டின் ஓரத்திலும் இருக்கும் லாட் எண்ணை ஒப்பிடுங்கள். ஒரு பிள்ளையின் பேன்ட் முழுவதும் ஒரே தானிலிருந்து வெட்டப்பட வேண்டும் என்றும் டெய்லரிடம் சொல்லிவிடுங்கள். இடது கால் ஒரு நிறம், வலது கால் ஒரு நிறம் என்பது வேடிக்கைக்குச் சொல்வதல்ல.

5. துணியைச் சோதித்த பிறகு பணம் கொடுங்கள்

சீருடைக்குச் சுத்தப் பருத்தி தேவையில்லை. பாலியஸ்டர் மூன்றில் இரண்டு பங்கு, பருத்தி ஒரு பங்கு கலந்த துணிதான் சட்டைக்கு வழக்கம். இல்லத்தில் இஸ்திரி போட ஆள் இருக்காது, மழைக்காலத்தில் துணி காயாது; அதற்கெல்லாம் கலப்புத் துணிதான் தாங்கும். ஆனால் பாலியஸ்டர் மட்டுமே உள்ள மலிவுத் துணியை வாங்காதீர்கள். மே வெயில் ஜூன் கடைசி வரை நிற்கும் ஊர்களில் அதைப் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் உட்கார முடியாது.

அரை மீட்டர் வாங்கி வந்து மூன்று சோதனை செய்யுங்கள். 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் சதுரம் வரைந்து, ஓர் இரவு ஊறவைத்து, காய்ந்ததும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல், அதாவது 3 சதவீதத்துக்கு மேல் சுருங்கினால் வேறு துணி பாருங்கள், அல்லது வெட்டுவதற்கு முன் முழுத் துணியையும் நனைத்துக் காயவைக்க டெய்லரிடம் பேசுங்கள். ஈர வெள்ளைத் துணியால் இருபது முறை அழுத்தித் தேயுங்கள், சாயம் ஏறக்கூடாது. கடைசியாக, வெள்ளைச் சட்டைத் துணி என்றால் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். விரல் தெளிவாகத் தெரிந்தால் பெண் பிள்ளைகளுக்கு அந்தத் துணி வேண்டாம்.

6. எத்தனை மீட்டர், எவ்வளவு பணம்

அகலத்தைக் கேட்காமல் மீட்டர் விலையை ஒப்பிடாதீர்கள். 36 இன்ச் அகலத் துணி மலிவாகத் தெரியும். ஒரு சட்டைக்கு வேண்டியதைக் கூட்டிப் பார்த்தால் 58 இன்ச் அகலத் துணியே லாபமாக இருக்கும்.

58 இன்ச் அகலத்தில் தோராயக் கணக்கு: 6 முதல் 10 வயதுப் பிள்ளைக்கு அரைக்கைச் சட்டை 1 மீட்டர், 13 முதல் 16 வயதுக்கு அரைக்கைச் சட்டை 1.5 மீட்டர், முழுப் பேன்ட் 1.2 மீட்டர். சுடிதாருக்கு 44 இன்ச் அகலத்தில் டாப்புக்கும் பாட்டத்துக்கும் தலா 2 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். மேல்கோட்டு உண்டென்றால் இன்னும் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கட்டம் போட்ட துணி என்றால் கட்டம் பொருத்த 10 சதவீதம் கூடுதலாக வேண்டும். எதுவானாலும் வெட்டப்போகும் டெய்லரிடம் ஒருமுறை காட்டி உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் 20 பேர், ஆளுக்கு இரண்டு இணை என்று ஒரு கணக்குப் போடுவோம். விலைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். சட்டை 40, பேன்ட் 40. சட்டைத் துணி 60 மீட்டர், 5 சதவீதம் கூட்டி 63. பேன்ட் துணி 48 மீட்டர், கூட்டி 50.5.

- சட்டைத் துணி மீட்டர் 140 ரூபாய் வீதம்: 8,820
- பேன்ட் துணி மீட்டர் 220 வீதம்: 11,110
- துணிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்: 997
- சட்டைத் தையற்கூலி 180 வீதம்: 7,200
- பேன்ட் தையற்கூலி 300 வீதம்: 12,000
- வண்டி வாடகை: 1,000
- அளவு திருத்த ஒதுக்கீடு, கூலியில் 10 சதவீதம்: 1,920

மொத்தம் 43,047 ரூபாய். ஆளுக்கு 2,150 சொச்சம். ஷூ, சாக்ஸ், பெல்ட் இதில் இல்லை. பணம் கேட்கும்போது துணி விலையை மட்டும் சொல்லிவிட்டுப் பிறகு கூலிக்குத் தடுமாறுவது புதியவர்களிடம் அடிக்கடி பார்ப்பது. கூலி துணி விலைக்குச் சமமாகவே வரும்.

இணை ஒன்றா இரண்டா மூன்றா? ஒன்று மட்டும் கொடுப்பதானால் கொடுக்காதீர்கள். ஒரே சட்டையைத் தினமும் இரவில் துவைத்து ஈரத்தோடு போட்டுப் போகும் நிலைதான் வரும். பணம் குறைவென்றால் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஆளுக்கு இரண்டாகக் கொடுங்கள். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்குப் பாட்டம் மட்டும் கூடுதலாக ஒன்று சேர்த்துத் தைத்துவிடுங்கள். கேட்க மாட்டார்கள்; ஆனால் தேவை.

ஈரோட்டு ஜவுளிச் சந்தை மாதிரி மொத்தக் கடைகளில் வாங்கினால் மீட்டருக்குக் கணிசமாக மிச்சமாகும். ஆனால் நூறு மீட்டருக்குக் கீழ் என்றால் பயணமும் வண்டியும் அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். பில் மதிப்பு 1 லட்சத்தைத் தாண்டினால் மாநிலத்துக்குள்ளேயே கொண்டு வரவும் இ-வே பில் (சரக்கை எடுத்துச் செல்ல ஆன்லைனில் போடும் சீட்டு) தேவை. கடைக்காரரையே போடச் சொல்லுங்கள்.

7. அளவு எடுப்பது

வயதை வைத்து ரெடிமேடு வாங்காதீர்கள். பல வருடம் சரியாகச் சாப்பிடாத பிள்ளை பதிமூன்று வயதில் பத்து வயது உடம்போடு இருக்கும். இல்லத்துக்கு வந்து மூன்று வேளை சாப்பிட்டதும் ஆறே மாதத்தில் பெருக்கும். இரண்டு பக்கமும் ஏமாற்றும் கணக்கு அது.

பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் முதலில், தேர்வு தொடங்கும் முன் அளவு எடுங்கள். ஏப்ரலில் விடுமுறைக்குப் போன பிள்ளையைப் பிடிக்க முடியாது. பெண் பிள்ளைகளுக்குப் பெண் டெய்லர்தான் அளவெடுக்க வேண்டும், ஆசிரியை ஒருவர் அருகில் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. பெண் டெய்லர் கிடைக்கவில்லை என்றால் ஆசிரியைக்கே டேப் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள், பத்து நிமிடத்தில் வந்துவிடும்.

சட்டைக்கு நீளம், தோள், மார்புச் சுற்றளவு, கை, கழுத்து. பேன்ட்டுக்கு நீளம், இடுப்பு, சீட் (பின்பக்கச் சுற்றளவு), தொடை, பாட்டம் (கால் முனைச் சுற்றளவு). எல்லாம் இன்ச்சில். மார்ச்சில் எடுத்த அளவுக்கும் அடுத்த மார்ச் வரை வளரப்போகும் உடம்புக்கும் இடம் விட வேண்டும். சாதாரணமாகப் பள்ளிப் பருவத்தில் ஆண்டுக்கு 5, 6 சென்டிமீட்டர் உயரம் கூடும். வளர்ச்சி வேகம் பிடிக்கும் வயதில் 8, 9 சென்டிமீட்டர் வரை போகும். அதனால் டெய்லரிடம் அளவுத் தாளிலேயே எழுதிக் கொடுங்கள்:

- பேன்ட் அடியில் 3 இன்ச் உள்மடிப்பு. இரண்டு முறை பிரித்து விடலாம்.
- சட்டை, டாப் பக்கத் தையலில் ஓர் இன்ச் உள்துணி.
- இடுப்பில் பின்பக்கம் பாதி எலாஸ்டிக். பெல்ட் கண்ணியும் இருக்கட்டும்.
- சட்டை நீளம் 2 இன்ச் கூடுதல்.
- உள்ளே இரண்டு உபரிப் பட்டன் தைத்து விடுவது.

பெரிதாகத் தைத்துவிட்டால் போதும் என்று தோளையும் கூட்டிவிடாதீர்கள். தோள் இறங்கிய சட்டையைப் பார்த்தால் தானமாக வந்தது என்று கடைசி பெஞ்சுப் பையனும் சொல்லிவிடுவான். வளர்ச்சிக்கான இடம் மடிப்புக்குள் ஒளிந்திருக்க வேண்டும்.

8. டெய்லரைப் பிடிப்பது

ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் வரை டெய்லர் கையில் நிற்க மாட்டார். மார்ச்சில் துணியைக் கொடுத்துவிடுங்கள். மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களைக் கேட்பதானால், அரசுச் சீருடைத் தையல் அவர்களிடம்தான் போகிறது என்பதை நினைவில் வையுங்கள். அந்த வேலை நடக்கும்போது உங்கள் நாற்பது சட்டை மூலையில் கிடக்கும்.

முதலில் ஒரே ஒரு இணை தைத்து வாங்கி, ஒரு பிள்ளைக்குப் போட்டுப் பார்த்து, துவைத்தும் பார்த்த பிறகே மீதியை வெட்டச் சொல்லுங்கள். கூலியில் மூன்றில் ஒரு பங்கு முன்பணம், மீதி சரிபார்த்த பிறகு. சரிபார்க்கும்போது பார்க்க வேண்டியவை: காஜா (பட்டன் துளை) பிசிறில்லாமல் இருக்கிறதா, பட்டன் இழுத்தால் வருகிறதா, ஓரம் நூல் பிரியாதபடி ஓவர்லாக் ஆகியிருக்கிறதா, பேன்ட் இருக்கைத் தையல் இரட்டையாக இருக்கிறதா. சீட் தையல் விடுவது எப்போதும் வகுப்பு நடுவில்தான்.

மே 15க்குள் எல்லாம் கைக்கு வந்திருக்க வேண்டும். ஜூன் 1க்குள் என்று சொன்னால் ஜூன் 10 ஆகும். டெய்லரைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்த மாதத்தின் இயல்பு அது.

9. ஷூ

தனியாக ஒரு நாள் மாலையில் காகிதத்தில் இரண்டு பாதத்தையும் நிற்கவைத்து வரையுங்கள். பெரிய பாதத்துக்கு ஏற்ப, முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்குங்கள். லேஸ் கட்டத் தெரியாத சின்னப் பிள்ளைக்கு ஒட்டும் பட்டி வைத்தது. ஷூவை மட்டும் மே கடைசியில் வாங்குங்கள், மார்ச் அளவு பாதத்துக்கு உதவாது.

10. பணமும் ரசீதும்

வரிவிலக்கு எதிர்பார்ப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்: துணியாகவோ தைத்த சீருடையாகவோ கொடுத்தால் 80ஜி விலக்கு (நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை) கிடையாது. பணமாகக் கொடுக்க வேண்டும், அதுவும் 80ஜி அனுமதி உள்ள அமைப்புக்கு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு எப்படியும் இல்லை.

சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் நண்பர்கள் பணம் அனுப்புகிறேன் என்பார்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அந்நிய நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி பெற்ற அமைப்பின் அதற்குரிய கணக்கில்தான் வர வேண்டும். உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

கோப்பில் இருக்க வேண்டியவை: தலைமையாசிரியர் அல்லது இல்லத்தின் ஒப்புதல் கடிதம், இரண்டு கடைகளின் விலைப்புள்ளி, துணி பில், டெய்லர் கையெழுத்திட்ட கூலி ரசீது, எண் வரிசைப்படி 'பெற்றுக்கொண்டோம்' என்று பள்ளி முத்திரையிட்ட தாள். பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்க வேண்டாம்.

11. கொடுக்கும் நாள்

விழா வைக்காதீர்கள். பிரேயரில் பெயர் கூப்பிட்டுக் கொடுக்காதீர்கள். எண் எழுதிய பையில் போட்டு ஆசிரியரிடமோ இல்லத்திலோ மே கடைசி வாரத்தில் சேர்த்துவிடுங்கள். பையில் உங்கள் அமைப்பின் பெயரோ, சட்டைப் பையில் லோகோவோ கூடாது.

படம் எடுப்பது பற்றி நன்கொடையாளர் நிச்சயம் கேட்பார். பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி போன்ற அடையாளங்களை ஊடகத்தில் வெளியிடுவதை இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடைசெய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, 2 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ. முகத்தை மங்கலாக்கிவிட்டால் போதாது. இல்லத்தின் பெயர்ப்பலகை பின்னால் தெரிந்தாலே அடையாளம்தான். மடித்து அடுக்கிய சட்டைகளைப் படம் எடுத்து அனுப்புங்கள், அதோடு பில்லின் நகல்.

ஒவ்வொரு வகுப்பு நிறத்திலும் மிஞ்சிய துணியில் அரை மீட்டரை லாட் எண்ணோடு உறையில் போட்டு வையுங்கள். கிழிசலுக்கு ஒட்டுப்போடவும், அடுத்த ஆண்டு ஷேடு பார்க்கவும் அதுவே மாதிரி. அரையாண்டு விடுமுறையில் டெய்லரை ஒருமுறை இல்லத்துக்கு வரச்சொல்லி மடிப்புகளைப் பிரித்து விடச் சொல்லுங்கள். ஒதுக்கி வைத்த 1,920 ரூபாய் அதற்குத்தான். நடுவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கும் அன்றைக்கே அளவு எடுத்துவிடலாம்.